இணையத்தில் இலவசமாகப் பல துறைகளைப் படித்துப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரே இரவில் பதினோரு பாடங்களில் பதிந்துகொண்டவன் நான். வானியல், இசைக் கோட்பாடு, பொருளாதாரம், பைத்தான் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் பெயர் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எதிலும் இரண்டாவது வாரத்தைத் தாண்டியிருக்கவில்லை. பிறகு மற்றவர்களுக்குத் தொடங்கி வைக்க உதவியபோது, அவர்களும் நான் விழுந்த அதே குழியில் விழுந்தார்கள்.

இது நம்மோடு நிற்கிற கதை இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் நடத்திய பாடங்களின் 2012 முதல் 2018 வரையிலான பதிவுகளை அலசிய ஒரு கட்டுரை 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. பதிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாடத்துக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை என்கிறது அது.

பெரும்பாலானவர்கள் தளம், சான்றிதழ், பாடம், நேரம் என்ற வரிசையில் போகிறார்கள். அதைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் நேரம், பிறகு கேள்வி, அடுத்து தளமும் நிலையும். சான்றிதழ் கடைசியில். பெரும்பாலும் அது தேவையே படாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, காகித நோட்டு. ஏன் என்று ஆறாவது படியில் தெரியும்.

படிப்புக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று. பாடத் தளங்கள் வாராவாரம் நினைவூட்டலும் விளம்பரமும் அனுப்பும். அவை உங்கள் வழக்கமான பெட்டியில் வந்து விழுந்தால் பத்தே நாளில் எல்லாவற்றையும் திறக்காமல் அழிக்கப் பழகிவிடுவீர்கள்.

ஹெட்போன், மொபைல் அல்லது லேப்டாப். விரிவுரை பார்க்க மொபைல் போதும். ஆனால் நிரல் எழுதும் பாடத்துக்கு விசைப்பலகை கட்டாயம். கணக்குப் போடும் பாடத்துக்குக் காகிதம் கட்டாயம். மொபைலிலேயே நிரல் எழுதிவிடலாம் என்று இறங்கியவர்கள் நிரலாக்கம் கடினம் என்று முடிவு கட்டி விட்டுவிடுகிறார்கள். உண்மையில் கடினமாக இருந்தது அந்தத் திரையில் அடைப்புக்குறி தேடுவதுதான்.

கிரெடிட் கார்டு தேவையில்லை. கார்டு எண் கேட்கிற பக்கம் வந்தால் தவறான பொத்தானை அழுத்திவிட்டீர்கள் என்று கொள்ளுங்கள்.

1. முதலில் வாரத்தின் மணிக்கணக்கை எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில், இந்த வாரம் உண்மையாகவே கிடைக்கக்கூடிய மணி நேரத்தை எழுதுங்கள். ஆசைப்படும் நேரம் வேண்டாம். போன வாரம் எப்படிப் போனது என்று யோசித்து எழுதுங்கள். பெரும்பாலானவர்களுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம் தேறும்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதியவர்கள் வீடியோவின் நீளத்தை மட்டும் கூட்டி, பாடம் இவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். எம்.ஐ.டி. தன் பாடங்களுக்கு 3-0-9 என்பது போன்ற மூன்று எண்களைக் கொடுக்கும். வகுப்பில் வாரம் 3 மணி நேரம், ஆய்வகத்தில் 0, சொந்தமாகப் படிக்கவும் கணக்குப் போடவும் 9 என்று அதற்குப் பொருள். ஆக, நீங்கள் பார்க்கும் விரிவுரை மொத்த உழைப்பில் கால் பங்குதான்.

வாரம் 12 மணி நேரம், 14 வாரம் என்று வைத்தால் 168 மணி நேரம். உங்களிடம் இருப்பது வாரம் 5 மணி நேரம் என்றால், ஒரு முழுப் பாடத்துக்கு ஏறக்குறைய எட்டு மாதம். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர் ஒரே சமயத்தில் நான்கு பாடங்களில் பதிய மாட்டார்.

பயப்பட வேண்டாம். பல துறைகளை எட்டிப் பார்க்க நினைப்பவருக்கு ஒவ்வொரு துறைக்கும் 168 மணி நேரம் தேவையில்லை. ருசி பார்க்க 5 மணி நேரம் போதும். அதை எப்படிச் செலவழிப்பது என்பது ஐந்தாவது படியில்.

2. பாடத்தைத் தேடாதீர்கள், கேள்வியைத் தேடுங்கள்

‘எனக்கு உளவியல் படிக்க வேண்டும்’ என்று தொடங்கினால் தேடல் பெட்டி நூற்றுக்கணக்கான பாடங்களைக் கொட்டும். ‘விட நினைத்த பழக்கம் ஏன் விடாமல் ஒட்டிக்கொள்கிறது?’ என்று தொடங்கினால் எந்த அத்தியாயத்தைத் திறக்க வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். எங்கே நிறுத்துவது என்றும் தெரியும், விடை கிடைத்த இடத்தில். துறையின் பெயருக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது.

நல்ல கேள்வி சிறியதாக இருக்கும், அன்றாடம் கண்ணில் படுகிற ஒன்றிலிருந்து வரும். சில:

பகல் வெளிச்சத்திலேயே நிலா தெரிகிறதே, ஏன்? (வானியல்)

ஆயிரம் பேரிடம் கேட்டுவிட்டுக் கோடிக்கணக்கானவர்களின் கருத்து இது என்று எப்படிச் சொல்கிறார்கள்? (புள்ளியியல்)

குளிர்பதனப் பெட்டி குளிரை உண்டாக்குகிறதா, வெப்பத்தை வெளியே தள்ளுகிறதா? (வெப்ப இயக்கவியல்)

இலக்கணம் படிக்காத குழந்தை எப்படி இலக்கணப் பிழையில்லாமல் பேசுகிறது? (மொழியியல்)

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, கேள்வியைப் பெரிதாக்குவது. ‘பிரபஞ்சம் எப்படித் தோன்றியது?’ என்று எழுதியவர் மூன்றாவது நாள் கணினியை மூடிவிட்டார். அதையே ‘தொலைவில் உள்ள விண்மீன் பேரடை (கேலக்ஸி) விலகிப் போகிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?’ என்று சுருக்கியதும் ஒரே வாரத்தில் விடையோடு வந்தார்.

3. பத்து அலமாரி வரைபடம்

கேள்விகளை உங்கள் போக்கில் மட்டும் விட்டால் எல்லாம் ஒரே பக்கம் சாயும். கணினிக்காரர் கணினியையே சுற்றுவார். வரலாற்றுப் பிரியர் போர்களையே சுற்றுவார். பரவலாகப் படிப்பதுதான் நோக்கம் என்றால் ஒரு வரைபடம் வேண்டும்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். மெல்வில் டியூயி 1876-ல் வெளியிட்ட நூலகப் பகுப்பு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய வடிவில் அது: 000 கணினியும் பொது அறிவும், 100 தத்துவமும் உளவியலும், 200 சமயம், 300 சமூக அறிவியல், 400 மொழி, 500 இயற்கை அறிவியலும் கணிதமும், 600 தொழில்நுட்பமும் மருத்துவமும், 700 கலை, 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். குறைகள் நிறைய உள்ள பகுப்பு இது, நூலகர்களே திட்டுவார்கள். நம் வேலைக்குப் போதும்.

நோட்டின் இரண்டாம் பக்கத்தில் இந்தப் பத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு கேள்வி எழுதுங்கள். எந்த அலமாரிக்கு எதிரில் ஒரு கேள்வியும் தோன்றவில்லையோ, அதை வட்டமிடுங்கள். அங்கே உங்களுக்கு ஆர்வம் இல்லை என்று அர்த்தமில்லை. கேள்வி கேட்கும் அளவுக்குக்கூட அந்தப் பக்கம் போனதில்லை, அவ்வளவுதான்.

முதல் கேள்வியை மட்டும் பழகிய அலமாரியிலிருந்தே எடுங்கள். முறையும் புதிது, துறையும் புதிது என்றால் எதில் தடுக்கியது என்றே தெரியாமல் போகும். இரண்டாவது சுற்றில் வட்டமிட்டதற்குப் போகலாம்.

4. தளத்தையும் நிலையையும் தேர்ந்தெடுப்பது

எந்தத் தளம் சிறந்தது என்ற கேள்விக்கு விடை இல்லை. எது எதற்கு உதவும் என்பதற்கு உண்டு.

அடிப்படை மறந்துபோனவர்களுக்குக் கான் அகாடமி. பள்ளிக் கணிதம், அறிவியல், பொருளாதாரம் எல்லாம் சிறு துண்டுகளாக, ஒவ்வொன்றுக்கும் உடனே திருத்தித் தரும் பயிற்சியோடு இருக்கும். பெரியவர்கள் இங்கே வர வெட்கப்படுகிறார்கள். பின்னங்களில் தடுமாறிக்கொண்டே புள்ளியியல் படிப்பதுதான் அதைவிட வேதனை.

பாடநூலாகப் படிக்க விரும்புபவர்களுக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ். ரைஸ் பல்கலைக்கழகம் நடத்துவது. வானியல், உளவியல், சமூகவியல், பொருளாதாரம், தத்துவம், உலக வரலாறு என்று கல்லூரி முதலாண்டுப் பாடநூல்களை முழுமையாக இறக்கிக்கொள்ளலாம். என் அனுபவத்தில் ருசி பார்க்கும் வாரத்துக்கு வீடியோவைவிட இதுதான் வேகமானது. வேண்டிய அத்தியாயத்துக்கு நேராகப் போகலாம்.

முழு விரிவுரை கேட்க எம்.ஐ.டி. ஓப்பன் கோர்ஸ்வேர், ஓப்பன் யேல் கோர்சஸ். இரண்டிலும் கணக்குத் தொடங்கவே வேண்டாம், உள்ளே போய்ப் பார்க்கலாம். எம்.ஐ.டி.யில் 2,500-க்கும் மேற்பட்ட பாடங்கள். ஆனால் எல்லாவற்றிலும் வீடியோ கிடையாது. பலவற்றில் குறிப்புகளும் வினாத்தாள்களும் மட்டுமே இருக்கும். வீடியோ உள்ளவற்றை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். யேலில் பாடங்கள் குறைவு. ஆனால் ஒவ்வொரு விரிவுரைக்கும் எழுத்து வடிவம் உண்டு. பால் புளூமின் உளவியல் அறிமுகம், ராபர்ட் ஷில்லரின் நிதிச் சந்தைகள் ஆகியவை வெளியாளுக்கும் புரியும்படி நடத்தப்பட்டவை.

பொறியியலுக்கும் அறிவியலுக்கும் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்பிடெல். அதன் விரிவுரைகள் யூடியூபிலேயே கிடக்கின்றன. நடை கொஞ்சம் வகுப்பறைத்தனமாக இருக்கும். உள்ளடக்கம் கெட்டி.

நிரலாக்கத்துக்கு ஹார்வர்டின் கணினி அறிவியல் அறிமுகப் பாடமான சிஎஸ்50, இல்லாவிட்டால் ஃப்ரீகோட்கேம்ப் என்ற பயிற்சித் தளம். முன்னது ஆழமானது. ஒரே பயிற்சித் தொகுப்பு பத்து மணி நேரத்துக்கு மேல் தின்றுவிடும். ருசி பார்க்கும் வாரத்தில் அதன் முதல் வாரப் பாடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது வண்ணக் கட்டைகளை அடுக்கி நிரல் செய்யும் ‘ஸ்க்ராட்ச்’ மொழியில்தான் தொடங்குகிறது.

இயற்பியல், வேதியியலில் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட், திரையிலேயே இயக்கிப் பார்க்கும் சோதனைகள். மனிதவியல், கலை, சமூகம் சார்ந்த குறும்பாடங்களுக்குப் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்லேர்ன். தத்துவத்துக்கு ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியம். அது எழுத்து மட்டும்தான், கடினமாகவும் இருக்கும், ஆனால் நம்பலாம்.

கோர்செராவையும் எட்எக்ஸையும் கடைசியில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல பாடங்கள் அங்கே நிறைய. ஆனால் இலவச வாசல் சின்னது, கட்டண வாசல் பெரியது. ‘ஆடிட்’ என்ற பெயரில் சான்றிதழ் இல்லாமல் பார்க்கும் வழி இருந்தால் அது சிறிய எழுத்தில் ஓரமாக இருக்கும். எவ்வளவு திறந்திருக்கும் என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். எட்எக்ஸில் இலவச அனுமதிக்குக் காலக்கெடுவும் உண்டு, அது முடிந்ததும் கதவு சாத்தப்படும். எனவே குறிப்புகளை அன்றன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘சில நாள் இலவசம்’ என்று கார்டு எண் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். ரத்து செய்ய மறந்துவிடுவீர்கள், நானும் மறந்திருக்கிறேன்.

தளம் கிடைத்ததும் பதியும் பொத்தானுக்குப் போகாமல், முதல் விரிவுரைக்கும் போகாமல், நேராகப் பயிற்சி வினாக்களுக்குப் போங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. செய்பவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

முதல் பயிற்சியில் பத்துக் கேள்விகளைப் படித்துப் பாருங்கள். விடை தெரிய வேண்டியதில்லை, என்ன கேட்கிறார்கள் என்பது புரிகிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்று நான்கு கேள்விகள் புரிந்தால் சரியான நிலை. எல்லாவற்றுக்கும் விடை தெரிந்தால் மேலே போங்கள். சொற்களே புரியவில்லை என்றால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

பாட அறிமுகத்தில் இருக்கும் ‘முன்தேவை’ வரியையும் மறக்காமல் படியுங்கள். இயந்திரக் கற்றல் பாடத்தில் குதித்து மூழ்கியவர்கள் அநேகர். நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் தெரிந்திருக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

5. ஐந்து மணி நேர ருசி வாரம்

இப்போது அந்த ஐந்து மணி நேரத்தைப் பிரிப்போம். நிலாக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

முதல் ஒரு மணி நேரம் வாசிப்பு. ஓப்பன்ஸ்டாக்ஸ் வானியல் நூலில் பூமி, நிலா, வானம் பற்றிய அத்தியாயத்தைத் திறந்து நிலாவின் பிறைகள் பற்றிய பகுதியைப் படியுங்கள். வீடியோவுக்கு முன் வாசிப்பு ஏன் என்றால், சொற்கள் முன்பே அறிமுகமாகியிருந்தால் விரிவுரையில் காது அந்தச் சொற்களில் தடுக்காது.

அடுத்த ஒன்றரை மணி நேரம் விரிவுரை. ஒன்று, அல்லது இரண்டு. மூன்றாவது வேண்டாம்.

பிறகு ஒன்றரை மணி நேரம் பயிற்சி. அத்தியாயத்தின் இறுதிக் கேள்விகளில் ஐந்தாறைப் போடுங்கள். இந்த இடத்தில்தான் உண்மை வெளியே வரும். பிறை உண்டாவது பூமியின் நிழல் நிலாவில் விழுவதால் என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நிழல் விழுவது சந்திர கிரகணத்தில் மட்டும். ஒரு பந்தையும் விளக்கையும் வைத்துப் பார்த்தால்தான், சூரிய ஒளி படும் பாதியை நாம் எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறோம் என்பதே பிறை என்று உறைக்கிறது. விரிவுரை கேட்கும்போது தலையாட்டியிருப்போம், ஆனால் பழைய எண்ணம் அப்படியே உள்ளே இருந்திருக்கும்.

கடைசி ஒரு மணி நேரம், கேள்விக்கு ஒரு பக்கத்தில் விடை எழுதுங்கள். துறை தெரியாத ஒருவருக்குக் கடிதம் எழுதுவது போல. நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது, அதனால் மாதத்தில் பல நாட்கள் அது வானில் இருக்கும் நேரத்தில் சூரியனும் இருக்கிறது, வளர்பிறை பாதி நிலா நண்பகலையொட்டியே உதித்துவிடுகிறது என்று உங்கள் வார்த்தையில் எழுத முடிந்தால் வேலை முடிந்தது.

வார இறுதியில் நோட்டில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: மூடு, தள்ளி வை, தோண்டு. மூடு என்றால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, போதும். தள்ளி வை என்றால் முன்தேவை ஒன்று குறைகிறது. எது என்றும் பக்கத்தில் எழுதுங்கள். தோண்டு என்றால் இன்னும் மூன்று கேள்விகள் முளைத்துவிட்டன.

எழுதிவிட்டு மூடுவதற்கும் தானாகக் கைவிட்டுப் போவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கைவிட்ட பாடம் மனத்தில் கடன் போல உட்கார்ந்திருக்கும். அடுத்ததைத் தொடங்கும்போதெல்லாம் ‘அதையே முடிக்கவில்லை’ என்று உறுத்தும். மூடு என்று கையால் எழுதிய பாடம் உறுத்துவதில்லை.

6. விரிவுரையை எப்படிக் கேட்பது

புதியவர்கள் இரண்டு துருவங்களில் இருக்கிறார்கள். ஒருவர் சாய்ந்து உட்கார்ந்து படம் பார்ப்பது போலப் பார்ப்பார். இன்னொருவர் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டே போவார். இரண்டாமவர் அதிகம் உழைக்கிறார், ஆனால் கை எழுதுகிறதே தவிர மனம் வேலை செய்வதில்லை. பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் சொல்லிக்கொடுப்பது இது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். திரையிலிருந்து கண்ணை எடுங்கள். நோட்டில் இப்போது கேட்டதை மூன்று வரியில் நினைவிலிருந்து எழுதுங்கள். வரவில்லை என்றால் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை எடுத்து எழுதுங்கள். காகித நோட்டு கேட்டது இதற்குத்தான். உலாவியின் இன்னொரு டேபில் எழுதினால் விரிவுரையை எட்டிப் பார்த்துப் படியெடுக்கக் கை தானே போகும்.

இதற்கு ஆதாரம் உண்டு. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்களையும், ஒருமுறை படித்துவிட்டு அடுத்ததாக நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள்; அவர்களுக்கு 81 விழுக்காடு நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 42. திரும்பப் படிப்பது அந்த நேரத்துக்கு நன்றாகப் புரிந்தது போல இருக்கும், அதுதான் ஏமாற்றுகிறது.

வேகம் பற்றிக் கேட்பார்கள். மெதுவாகப் பேசும் பேராசிரியருக்கு 1.25 வைத்துக்கொள்ளலாம். இரண்டு மடங்கு வைத்து விரிவுரைகளை ‘முடித்துவிட்டேன்’ என்பவர்கள் எதை முடித்தார்கள் என்று எனக்கு விளங்கியதில்லை.

யூடியூபில் பார்க்கும்போது பாடத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து வீடியோவைத் திறங்கள். யூடியூபின் முகப்பிலிருந்து நுழைந்தால், நேரியல் இயற்கணிதம் தேடிப் போனவர் ஒரு மணி நேரம் கழித்து யாரோ பழைய கடிகாரம் பழுது பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எம்.ஐ.டி. பாடங்களை மொத்தமாகவே இறக்கிவைத்து இணையத்தைத் துண்டித்துவிட்டுப் படிக்கலாம். எனக்கு அதுதான் ஒத்துவந்தது.

7. ஆங்கிலம் தடுக்கும் இடத்தில்

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்தவர்கள் இங்கே நின்றுவிடுகிறார்கள். தடுப்பது பெரும்பாலும் ஆங்கிலம்கூட இல்லை, துறைச்சொல்.

ஒருவர் புள்ளியியல் விரிவுரையில் ‘புராபபிலிட்டி’ என்று கேட்டு மிரண்டுபோய் என்னிடம் வந்தார். அது அவர் பள்ளியில் நூறு கணக்குப் போட்ட நிகழ்தகவுதான் என்று தெரிந்ததும் எழுந்து போய்விட்டார், மேலே படிக்க. ‘டெரிவேட்டிவ்’ என்பது வகைக்கெழு. ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ என்பது ஒளிச்சேர்க்கை. தெரிந்த விஷயம்தான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது.

இணைச் சொல்லைக் கண்டுபிடிக்க எளிய வழி: விக்கிப்பீடியாவில் அந்தச் சொல்லின் ஆங்கிலக் கட்டுரையைத் திறந்து, மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கட்டுரை இருந்தால் அதன் தலைப்பே தமிழ்ச் சொல். அகராதியைவிட இது நம்பகமானது, ஏனெனில் அகராதி பொதுப் பொருளைத் தரும், இது துறைப் பொருளைத் தரும். நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டையும் சேர்த்து எழுதிக்கொண்டே வாருங்கள்.

விரிவுரையின் எழுத்து வடிவம் கிடைத்தால் கேட்கும் முன் அதைப் படியுங்கள். சப்டைட்டிலை ஆங்கிலத்திலேயே வையுங்கள். தானாகத் தமிழாக்கும் வசதி அவசரத்துக்கு உதவும், ஆனால் துறைச்சொற்களைச் சொதப்பும். அதை மட்டும் நம்பிப் படித்தவர் தவறான சொல்லை மனப்பாடம் செய்துவிடுவார்.

மூன்று வரிக் குறிப்பை மட்டும் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கில வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்க முடியும், புரியாமலேயே. தமிழில் எழுத வேண்டுமென்றால் புரிந்தே ஆக வேண்டும்.

8. சிக்கிக்கொண்டால்

ஒரு கணக்கில் இருபது நிமிடம் முட்டுங்கள். அதற்குப் பிறகும் நகரவில்லை என்றால் விடையின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். பெரும்பாலும் அது போதும்.

ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் போன்ற கேள்வி-பதில் தளங்களில் கேட்பதானால், நீங்கள் முயன்ற வரைக்கும் எழுதிவிட்டுக் கேளுங்கள். வெறும் கேள்வியைப் போட்டால் வீட்டுப்பாடம் என்று மூடிவிடுவார்கள். செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகளிடம் விடை கேட்காதீர்கள். உங்கள் ஒரு பக்கக் கடிதத்தைக் கொடுத்து, இதில் என்ன ஓட்டை என்று கேளுங்கள். அது சொல்வதைப் பாடநூலில் சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். தவறையும் அதே நம்பிக்கையோடு சொல்லக்கூடியது அது.

9. மறக்காமல் வைத்துக்கொள்வது

பல துறை படிப்பவரின் தீராத குறை இது. ஆறு மாதம் கழித்து ‘வானியல் படித்தேன்’ என்பது மட்டும் நினைவிருக்கும்.

ஒவ்வொரு ருசி வாரத்திலிருந்தும் ஐந்து கேள்விகளை மட்டும் எடுங்கள். ஐம்பது வேண்டாம். ஐம்பது எடுத்தவர்கள் மூன்றாம் வாரம் மொத்தத்தையும் தூக்கிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் பேர் கருத்துக்கணிப்பு என்றால், ‘பிழை எல்லை ஏறக்குறைய எவ்வளவு?’ (3 விழுக்காடு, அதாவது கணிப்பு மெய்யான அளவைவிட அவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம்), ‘அது ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்ததா?’ (எழுந்தமானமாகத் தேர்ந்தெடுத்திருந்தால், பெரிய மக்கள்தொகைக்கு ஏறக்குறைய இல்லை) என்பது போல.

இவற்றை ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்ற இடைவெளியில் உங்களை நீங்களே கேளுங்கள். ஆங்கி என்ற செயலி இடைவெளியைத் தானே கணக்கிட்டுக் கேட்கும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் அது இலவசம். அட்டையில் எழுதி ரப்பர் பேண்டு போட்டு வைத்தாலும் வேலை நடக்கும்.

10. தோண்டுவதா, அடுத்த அலமாரியா

மூன்று ருசி வாரங்களுக்கு ஒரு தோண்டல் என்பது நான் கண்ட அளவு. தோண்டல் என்றால் முழுப் பாடமாக இருக்க வேண்டியதில்லை. நான்கு முதல் ஆறு வாரம், ஒரே பாடத்தின் பாதி, எல்லாப் பயிற்சிகளோடும். அந்த வாரங்களில் வேறு எதையும் ருசி பார்க்க வேண்டாம். புதியது எப்போதும் இனிப்பாகத் தெரியும், குறிப்பாகப் பாடத்தின் கடினமான பகுதி வரும்போது.

சான்றிதழ் வேண்டுமா என்ற கேள்வி இந்தக் கட்டத்தில்தான் எழ வேண்டும். வேலைக்குக் காட்ட வேண்டும் என்றால் எடுங்கள். சிஎஸ்50-உம் ஃப்ரீகோட்கேம்பும் பயிற்சிகளை முடித்தால் இலவசமாகவே தருகின்றன. ஓப்பன்லேர்னில் பங்கேற்புச் சான்று கிடைக்கும். வெறும் ஆர்வத்துக்குப் படிப்பவருக்கு அந்த ஒரு பக்கக் கடிதங்களின் கட்டு போதும்.

தோண்டல் முடிந்ததும் இரண்டாம் பக்கத்துக்குத் திரும்புங்கள். இந்த முறை பத்து அலமாரிக்கு எதிரிலும் கேள்விகளை மாற்றி எழுத வேண்டியிருக்கும். புள்ளியியல் படித்தவருக்கு மருத்துவச் செய்திகளில் புதுக் கேள்வி முளைக்கும், மொழியியல் படித்தவருக்கு இசையில். பழைய கேள்விகளை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டுப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். அடுத்த வாரத்துக்கான கேள்வியைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய அத்தியாயத்தை டேபில் திறந்து வைத்துவிட்டு நோட்டை மூடுங்கள். மறுமுறை உட்காரும்போது தேட ஆரம்பித்தால் அன்றைய ஒரு மணி நேரமும் தேடலிலேயே போய்விடும்.